மைனஸ் ஐந்து

பெர்க்‌ஷயர் குன்றில் துளையிட்டு எடுத்த
வெள்ளைப் பாறைத் துண்டை
யாரும் பார்க்காதபோது நாக்கில் வைத்தேன்.
ஒட்டிக்கொண்டது.
இழுத்தால் தோலும் கூடவே வரப் பார்த்தது.
கருவி வாங்க மானியம் கிடைக்காத வருடங்களில்
இதுதான் என் முதல் அளவீடு:
பாறைக்குத் தாகம் உண்டு,
தாகத்துக்கு எண் உண்டு,
எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி.

நூற்றில் முப்பத்தைந்து பங்கு ஓட்டை.
ஓட்டை முழுக்க நீர்.
தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு சொட்டு விழாது,
கஞ்சன் மடியில் முடிந்த காசு.

நீர்மட்டம் நாற்பது மீட்டர் கீழே. மேலே புல்.
நனைந்தும் நனையாமலும் நடுவில் கிடக்கும்
அந்த நாற்பது மீட்டரைச்
சமன்பாடாக எழுதி வயிறு வளர்க்கிறேன்.
அதற்குப் பெயர் மாதிரி.
'அது மாதிரி' என்கிறோமே, அதே மாதிரி.
அதுவே அல்ல.

ஆஷ்கோம்ப் ஊர் நடுவே ஒரு வாய்க்கால்.
கோடை முழுதும் அதில் நாய்களை நடத்திப் போவார்கள்.
பனி முடியும் பருவத்தில் ஒரு நாள்,
மழையே பெய்யாத நாளாகக்கூட இருக்கலாம்,
தரை தானாக ஊறி ஆறாகும்.
எந்த நாள் என்று மதுக்கடையில் பந்தயம்.
தலைக்கு ஐந்து பவுண்டு.
பெரில் காடர்டின் நீல நோட்டில் முப்பத்தொரு பெயர்.

டாரன்ட் தன் நிலவறைச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு
பிப்ரவரி ஒன்பது என்றார்.
நான் கணினியை இரவெல்லாம் ஓடவிட்டு
பிப்ரவரி பதினேழு, மாலை என்றேன்.
"மாலையாம்!" கடையே சிரித்தது.
கோலின் ரட்ஜ் வழக்கம்போல மார்ச் இரண்டு.
காரணம் கேட்டால் தோளைக் குலுக்குவார்.

பத்து மீட்டர் ஆழத்தில் புதைத்த பீங்கான் குப்பி
தினமும் என் தொலைபேசிக்கு ஒரு எண் அனுப்பும்.
மைனஸ் முப்பது. மைனஸ் இருபத்திரண்டு.
மைனஸ் ஐந்தைத் தாண்டிப் பூஜ்ஜியத்தின் பக்கம் வந்தால்
விரிசல்கள் விழித்துக்கொள்ளும்.
வருடத்துக்கு ஒரு மீட்டர் ஊர்ந்தது
ஒரே நாளில் தடதடவென இறங்கும்.

பதினாறாம் தேதி: மைனஸ் ஆறு.
பதினேழு: மைனஸ் ஆறு.
அன்று மாலை வாய்க்காலுக்குள் போய் நின்றேன்.
ரப்பர் பூட்ஸில் தூசி.

ஆய்வகத்தில் நான் வரைந்தது காயும் வளைவு.
பாறையோ இப்போது நனைந்துகொண்டிருந்தது.
அதே தாகம், வேறு ஈரம்.
போன வழியில் அது திரும்புவதில்லை.
மூன்றாம் அத்தியாயம். மாணவர்களுக்கு
வருடா வருடம் நானேதான் நடத்துகிறேன்.

இருபத்தாறு: மைனஸ் நான்கு.

மார்ச் இரண்டு, விடியலில்,
தேவாலயச் சுவரோரம் புல்லின் காலடியில் குமிழிகள்.
எட்டு மணிக்குக் கணுக்கால்.
பத்து மணிக்குத் தபால்காரர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கோலின் ஜனவரியிலேயே போய்ச் சேர்ந்திருந்தார்.
நூற்றைம்பத்தைந்து பவுண்டை எண்ணி வாங்கிய வின்னி ரட்ஜ்
எல்லோருக்கும் பியர் சொன்னாள்,
தனக்கு இஞ்சிச் சோடா.
பிறகு என் பக்கம் திரும்பி,
"இது இந்த வருஷத்து மழையா?"

இல்லை, இது வரிசையின் கடைசியில் சேர்ந்திருக்கிறது,
பின்னாலிருந்து தள்ளத் தள்ள
முன்னால் நின்ற பழைய மழை வெளியே வருகிறது,
என்று சொல்லி,
ரேஷன் கடை என்று தொடங்கிய வாயை
பேருந்து நிறுத்தம் என்று மாற்றினேன்.

"எவ்வளவு பழசு?"
முப்பதிலிருந்து அறுபது வருடம் இருக்கலாம்.
"இவ்வளவு அகலமாகச் சொன்னால் எப்படி," என்றாள்.
"அதற்குள் என் இரண்டு கல்யாணமும் அடங்கிவிடும்."

வீட்டுக்கு வந்து வளைவைத் திருத்தி ஓடவிட்டேன்.
மார்ச் இரண்டு அச்சாக வந்து நின்றது.
நடந்து முடிந்ததைச் சொல்ல
எந்த மாதிரிக்கும் வெட்கமில்லை.

காலுறையோடு வாசலுக்குப் போய்
பூட்ஸைக் கவிழ்த்தேன்.
கால் குவளை நீர், எந்த வருடத்ததோ,
மண்ணில் விழுந்து
நான் குனிந்து பார்ப்பதற்குள்
காணாமல் போயிருந்தது.